முதலில் நலம் விசாரிக்க வேண்டும்

கையைக் காதில் வைத்துக்கொள்ளாமல் அந்த அக்காவுக்கு அரபி வராது. வகுப்பில் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் மற்றவர்கள் கரும்பலகையைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் மின்விசிறியைப் பார்ப்பார்கள். அவள் வலது கையை மடக்கிக் காதோடு சேர்த்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, எதிர்முனையில் யாரோ இருப்பதுபோல் கொஞ்சம் கத்தித்தான் பேசுவாள். டிரைவர் வேலைக்குப் போகக் காத்திருந்த பையன்கள் கடைசி பெஞ்சில் சிரிப்பார்கள்.

"கையை இறக்குங்கம்மா. இது வகுப்பு," என்பார் வாத்தியார்.

"போன்லதான சார் பேசப் போறேன். கைய எட்த்துட்டா நாக்கு பொரள மாட்டேங்குது," என்பாள்.

கல்லூரி என்றதும் தூணும் மைதானமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெரு. கீழே டயர் கடை, மேலே இரண்டு அறை, வாசலில் சமுதாயக் கல்லூரி என்று தெலுங்கில் ஒரு பலகை. காலையில் தையல், மத்தியானம் கம்ப்யூட்டர், சாயங்காலம் அரபி மொழியும் இலக்கியமும். நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே என்ன வந்ததோ எனக்குத் தெரியாது, எங்கள் பக்கத்து ஜனம் அந்தக் கதவு வழியாக வெளியேதான் போய்க்கொண்டிருந்தது.

நானும் போகத்தான் படித்தேன். நகரிக்காரி நான். நைனா பவர்லூம் ஓட்டினார். நூல் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் குழம்பில் பருப்பு இளைக்கும். நர்சிங் முடித்து திருப்பதியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். அரபி கொஞ்சம் தெரிந்தால் வளைகுடாவில் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, வந்து சேர்ந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் 'எங்கே வலிக்கிறது', 'மூச்சை இழுங்கள்', அவ்வளவுதான். வாத்தியார் வேலூர்ப் பக்கத்துக்காரர், அரபியை ஆசையாகப் படித்த மனிதர். மூச்சை இழுக்கச் சொல்லித்தருவதை விட்டுவிட்டு ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் நாள் அவர் ஒவ்வொருவரையும் எந்த நாட்டுக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். துபாய், சவுதி, மஸ்கட் என்று ஆளாளுக்குச் சொன்னோம். அக்காவின் முறை வந்தது.

"நான் எங்கியும் போல சார். எம்பொண்ணு குவைத் போயிருக்குது. ஊட்டு வேலைக்கு. இப்ப அதுகிட்டேருந்து ஒண்ணும் வர்ல. போன் பண்ணா அவங்க பாஷையில ஒரு பொம்பள கத்திட்டு வெச்சிடறா. அவகிட்ட பேசணும். அதுக்குத்தான் வந்தேன்."

கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட அன்றைக்கு எட்டி அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம் அவளுக்கு. சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். கூலிக்குக் கடலை பிடுங்கி ஒற்றைப் பெண்ணை வளர்த்தாள். அந்தப் பெண்ணை ஒரு ஏஜென்ட் வந்து அழைத்துப்போனான். பெண்ணின் குரல் நின்றுபோனதும் ஊரில் உட்கார முடியாமல் திருச்சானூருக்கு வந்து, ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலையில் சேர்ந்தாள். அந்த லாட்ஜுக்கு எதிரில் ஐ.எஸ்.டி. பூத் இருந்ததுதான் காரணம் என்று அவளே சொன்னாள். பிளீச்சிங் பவுடர் வாசனை அவளுக்கு முன்னாடி வகுப்புக்குள் வந்துவிடும்.

முதல்முதலில் குவைத்துக்கு எப்படிப் பேசினாள் என்று ஒருநாள் கேட்டேன்.

"தமிழ்லதான் பேசினேன். எம்பொண்ணக் கூப்புடும்மான்னேன். அந்தம்மா இன்னாமோ சொல்லிச்சு. சரி, தமிழு தெர்ல போலன்னு தெலுங்குல கேட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத பாப்பா. நம்ம பக்கம் தமிழு தெரியாதவங்களுக்குத் தெலுங்கு தெரியும், தெலுங்கு தெரியாதவங்களுக்குத் தமிழு தெரியும். ரெண்டும் தெரியாதவங்கள நான் எங்க பாத்தேன்?"

அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் எல்லாருமே அப்படித்தான். ரெண்டு பாஷை தெரிந்தால் உலகம் முழுக்கச் சுற்றி வரலாம் என்றுதான் எல்லையில் பிறந்தவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடிப்படையில் அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற மனுஷி. வளைத்துப் பேசவே தெரியாது. ஷேர் ஆட்டோக்காரன் ஆள் சேரட்டும் என்று நின்றால், "நீ போறியா, நான் எறங்கட்டுமா?" அவ்வளவுதான். அதனால் வாத்தியார் சொல்லித்தந்த 'என் மகள் எங்கே' என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்த அன்றைக்கே பூத்துக்கு ஓடினாள். ரிசீவரை எடுத்ததும் அதைத்தான் போட்டாள். உடனே வைத்துவிட்டார்கள். மறுபடி போட்டாள், மறுபடி வைத்தார்கள். மறுநாள் வகுப்பில் வந்து வாத்தியாரைப் பிடிபிடி என்று பிடித்தாள்.

"சார், நீங்க கத்துக் குடுத்தது அரபிதானா?"

அவர் கோபப்படவில்லை. "அம்மா, அரபிதான். ஆனா நீங்க போன உடனே விஷயத்துக்குப் போயிட்டீங்க. அவங்க பழக்கம் வேற. முதல்ல சலாம் சொல்லணும். அப்புறம் எப்படி இருக்கீங்க, உடம்பு எப்படி, வீட்டுல எல்லாரும் நலமா, பிள்ளைங்க நலமா, அம்மா நலமா. அவங்க திருப்பிக் கேப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் அல்ஹம்துலில்லாஹ்ன்னு சொல்லணும். இறைவனுக்கே புகழ்னு அர்த்தம். மறுபடியும் நலமான்னு கேக்கணும். அதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் விஷயம். நலம் விசாரிக்கிறவங்களை நடுவுல வெட்டி போனை வைக்க அவங்களுக்கு மனசு வராது."

"நல்லா இருக்கியான்னு எத்தினி வாட்டி சார் கேக்கிறது?"

"வைக்காம இருக்கிற வரைக்கும் கேளுங்க."

அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து வேறு எதையும் அவள் படிக்கவில்லை, நலம் விசாரிப்பதை மட்டுமே படித்தாள். விரிப்பைக் கல்லில் அடித்துக்கொண்டே ஒவ்வொரு அடிக்கும் ஒரு நலம் விசாரிப்பாளாம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கை காலியாக இருக்காது என்பதால் தோளைத் தூக்கிக் காதை அதில் சாய்த்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பாளாம். லாட்ஜ் மேனேஜர் ஒருநாள் வழிமறித்து, மதம் மாறிவிட்டாயா என்று கேட்டிருக்கிறார்.

"காலையில அலமேலு மங்கம்மா கோயில் தீர்த்தம் குட்சிட்டுத்தான் வேலைக்கு வரேன். எம்பொண்ண வெச்சினு கீறவளுக்கு எந்தச் சாமி பேரு புரியுதோ அதச் சொல்றேன். உனுக்கு இன்னா நஷ்டம்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் வழியை விட்டுவிட்டார்.

பழக்கம் முற்றியதும் அவளுக்குக் கேட்பது அரபிக்காரனா ஆந்திராக்காரனா என்கிற பேதம் போய்விட்டது. சித்தூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க ஒரு திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் மேசைக்குப் போனதும் அழுதார்கள் அல்லது கத்தினார்கள். இவள் போய்க் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்த குமாஸ்தாவிடம் தெலுங்கில், பாகுன்னாரா சார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, அம்மா சௌக்கியமா, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று ஆரம்பித்தாள். அந்த மனுஷன் தனக்குத் தெரிந்தவளோ என்று பயந்து எழுந்தே நின்றுவிட்டார். நாற்காலி கொடுத்தார். சிரிப்பை அடக்க நான் வெளியே பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் மனு நகரவில்லை. ஏஜென்ட் அந்தப் பெண்ணை வேறு பெயரில், வேறு வயதில் அனுப்பியிருந்தான். சின்ன வயசுப் பெண்ணை வீட்டு வேலைக்கு விடமாட்டார்கள் என்று வயதைக் கூட்டியிருக்கிறான். அந்தப் பெயர் என்ன என்று தாய்க்குத் தெரியாது, ஏஜென்ட்டும் ஊரில் இல்லை. நீங்கள் சொல்லும் பெயரில் யாருமே குவைத்துக்குப் போகவில்லையே அம்மா என்று குமாஸ்தா மரியாதையாகத்தான் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா மனுவின் நகலை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பாகாலா தாண்டியதும், "நான் பெத்தது போவவே இல்லியாம் பாப்பா. அப்ப ஊட்லதான இருக்கணும்?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

இலக்கிய வகுப்பு ஒன்று ஞாபகத்தில் நிற்கிறது. பழைய காலத்து அரபுக் கவிஞர்கள் பாட்டை எப்படித் தொடங்குவார்கள் என்று வாத்தியார் சொன்னார். கூடாரம் போட்டு வாழும் கூட்டம், தண்ணீர் வற்றினால் பிரித்துக்கொண்டு போய்விடும். கொஞ்ச காலம் கழித்து ஒருவன் அங்கே வருவான், அவனுக்கு வேண்டியவள் இருந்த இடத்தில் அடுப்புக் கல்லும் கரியும்தான் கிடக்கும். அவன் ஒட்டகத்தை நிறுத்தி, இங்கே இருந்தவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று அந்தக் கல்லைக் கேட்பான். அந்தக் காலத்துப் பாட்டு நிறைய இப்படித்தான் தொடங்கும் என்று சொல்லி, அந்தக் கேள்வியை அரபியில் அழுத்தமாகச் சொல்லிக்காட்டினார்.

"கல்லு எங்கனா பதில் சொல்லுமா சார்?" என்றாள் அக்கா. "பைத்தியக்காரன். பக்கத்து ஊர்ல போய் விசாரிக்கிறதுதான?"

எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

"பக்கத்து ஊரே இல்லம்மா. பாலைவனம்," என்றார் வாத்தியார்.

 அவள் கையைக் காதில் வைத்து அந்தக் கேள்வியையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போடுங்கள், ஆண்கள் தொழுகைக்குப் போயிருப்பார்கள் என்று யோசனை சொன்னதும் வாத்தியார்தான். அந்த நேரத்தில் எடுத்தது வேறு குரல், வயதான பெண். அந்த வீட்டுக்காரனின் தாய் என்று பிறகு தெரிந்தது. அக்கா சலாம் சொன்னாள். நலமா என்றாள், உடம்பு எப்படி என்றாள், பிள்ளைகள் நலமா என்றாள். எதிர்முனை வைக்கவில்லை. கிழவி சிரித்தாளாம். அக்கா பேசியது புத்தகத்து அரபி. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பவள் சமையலறைக்குள் வந்து நலமா என்று கேட்டதுபோல் கிழவிக்கு இருந்திருக்க வேண்டும்.

அதிலிருந்து வெள்ளிதோறும் பேச்சு. கிழவி அந்தப் போனுக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுவாளாம். ஆனால் மகளைப் பற்றிக் கேட்டால் மட்டும், 'இன்ஷா அல்லாஹ்', இறைவன் நாடினால் என்று சொல்லிவிட்டு நலம் விசாரிப்புக்கே திரும்பிவிடுவாள்.

"ஆவட்டும்னு சொல்லுது பாப்பா. நல்ல மனசு அதுக்கு. பேச வெச்சிடும்," என்று அக்கா சந்தோஷமாக வந்து சொன்னாள். வாத்தியார் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. முகத்துக்கு நேரே மறுக்க மனசில்லாதவர்களும் அதையேதான் சொல்வார்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் என்றேன்.

பூத்துக்குள் இரண்டு பேர் நிற்க இடம் போதாது. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, ரிசீவரின் பின்பக்கம் என் காதை ஒட்டிக்கொண்டேன். எல்லாம் வழக்கம்போல் நடந்தது. சலாம். நலமா. அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகள் நலமா. அல்ஹம்துலில்லாஹ். அப்புறம் அக்கா மகளைக் கேட்டாள். கிழவி இன்ஷா அல்லாஹ் என்று சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, அக்காவுக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் புத்தகத்து அரபியில் சொன்னாள். உன் மகள் இந்த வீட்டில் இல்லை. நோன்பு மாதத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. மகள், வீடு, இல்லை, போனாள். எல்லாம் முதல் வாரத்தில் நாங்கள் படித்த வார்த்தைகள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் அக்கா.

பழக்கம். அத்தனை நாளாகக் கல்லில் அடித்து அடித்து ஏற்றிய பழக்கம். எதிர்முனை நின்றதும் அது தானாக வந்துவிட்டது.  பிறகு கிழவி அழுவது எனக்குக் கேட்டது. பெற்ற மகள் காணாமல் போனதைக் கேட்டும் இறைவனைப் புகழ்கிற தாய் என்று அவள் நினைத்திருப்பாள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இன்னா பாப்பா, அழுவுது? எதுனா தப்பா சொல்லிட்டனா?"

நான் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ ஆஸ்பத்திரி வராந்தாக்களில் எத்தனையோ பேரிடம் எவ்வளவோ சொல்ல வேண்டி வந்தது. அன்றைக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் சொன்னதுபோல் எதுவும் கஷ்டமாக இருந்ததில்லை.

அவள் அழுவாள், விழுவாள் என்று தோளைப் பிடிக்கத் தயாராக இருந்தேன். அவள் ரிசீவரைச் சரியாகக் காதில் வைத்தாள். கண்ணை மூடினாள். மறுபடியும் சலாம் சொன்னாள். எப்படி இருக்கிறீர்கள், உடம்பு எப்படி, வீட்டில் எல்லாரும் நலமா, பிள்ளைகள் நலமா. ஒன்றையும் விடவில்லை. எங்கே விட்டால் அவர்கள் வைத்துவிடுவார்களோ என்ற பயம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அந்தப் பாட்டுக்காரன் அடுப்புக் கல்லைக் கேட்ட கேள்வியை அப்படியே கேட்டாள். இங்கே இருந்தவர்கள் எந்தப் பக்கம் போனார்கள்?

"எனக்குத் தெரியாது மகளே," என்றாள் கிழவி. "என்னிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை."

பிறகு ஓர் ஆண் குரல் கேட்டது. இணைப்பு போய்விட்டது.

வெளியே வந்து லாட்ஜ் வரைக்கும் நடந்தோம். படியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்டுக்காரன் பைத்தியம் இல்ல பாப்பா," என்றாள். "பக்கத்து ஊரே இல்லன்னா அவன் யாரப் போய்க் கேப்பான்?"

அப்போதுதான் அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த நம்பரில் மணி அடிக்கவே இல்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. வகுப்பை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வந்தாள், பிளீச்சிங் வாசனையோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாங்கள் பரீட்சை எழுதி முடித்துக் கிளம்பியபோதும் அவள் மறுபடி முதலாண்டில் சேர்ந்துகொண்டாள். வாத்தியார் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது குவைத்திலேயே. அவளிடம் அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா? அவளோ என் தலையைத் தடவினாள். "போ. வேளைக்குத் துன்னு. தெருவுல, கடையில, ஆஸ்பத்திரியில, நம்ம பக்கத்து மூஞ்சி எதுனா பாத்தா எந்த ஊருன்னு கேளு. இடது புருவத்துல தழும்பு கீதான்னு பாரு. சின்னதுல கடலைக் கொல்லியில விழுந்துது." அவ்வளவுதான் அவள் தந்த அடையாளம். பெயர் சொல்லித் தேட முடியாதே.

கேட்டேன். வார்டுக்கு எந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கொண்டுவந்தாலும் முதலில் புருவத்தைத்தான் பார்த்தேன். காய்ச்சல் பார்த்தது அதற்கப்புறம்தான். கடப்பா, ராயசோட்டி, சத்தியவேடு, எந்த ஊர் என்று கேட்டாலே அழுகிற பெண்களை எவ்வளவு பேரைப் பார்த்தேன்! அந்தத் தழும்பை மட்டும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஹாஸ்டலுக்குப் போன் வரும். எடுத்தால் தமிழில் ஆரம்பிக்க மாட்டாள். அஸ்ஸலாமு அலைக்கும் என்பாள். எப்படி இருக்கிறாய், உடம்பு எப்படி, வீட்டில் எல்லாரும் நலமா என்று முழுசாக அரபியில் கேட்பாள். என்ன அக்கா, நமக்குள்ளே எதற்கு இதெல்லாம் என்று முதலில் கேலி செய்தேன். போகப் போகத்தான் புரிந்தது. நலம் விசாரித்து முடித்தால் அடுத்தது, மகளைப் பார்த்தாயா என்ற அந்தக் கேள்வி. அதற்கு என் பதில் என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நானும் இழுக்கக் கற்றுக்கொண்டேன். வாத்தியார் நலமா, மேனேஜர் நலமா, ஷேர் ஆட்டோக்காரன் நலமா, மொட்டை மாடியில் வெயில் எப்படி என்று கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் அல்ஹம்துலில்லாஹ் என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு இரவு வேலை முடிந்த அசதி. விசாரிக்க ஆட்களே மீதமில்லாமல் எல்லாரையும் விசாரித்து முடித்துவிட்டேன். பேச்சு நின்றது. அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. இப்போது கேட்பாள் என்று ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றாள் அக்கா. "எப்படி இருக்கிறாய், உடம்பு எப்படி, வீட்டில் எல்லாரும் நலமா?"

நானும் முதலிலிருந்து பதில் சொன்னேன்.